சுருங்கும் இதயம் தளரவும் வேண்டும்

“எக்கோ பரிசோதனையில் இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று எழுதியிருக்கிறது, பிறகு ஏன் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது?” மரக்காணம் பகுதியின் மூத்த உப்பளத் தொழிலாளர்களை அழைத்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

விடை இதயத் தசைச் செல்லுக்குள் இருக்கிறது. தவளையின் இதயம் வெறும் உப்புநீரில் தொடர்ந்து துடிக்காது, சிறிதளவு கால்சியமும் வேண்டும் என்று 1883ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர் கண்டறிந்தார். மருத்துவமனையில் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் திரவத்தின் பெயரில் இருப்பவர் அவரே. உப்பளத்தில் உப்புக்கு முன்பே படியும் ஜிப்சத்தில் உள்ளதும் இதே கால்சியம்தான்.

ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் செல்லுக்குள் பரவும்போது தசை சுருங்குகிறது. அதனைச் செல்லின் சேமிப்பறைக்குத் திரும்ப இறைத்துவிடும்போது தசை தளர்கிறது. தளர்ந்த இதயத்தில்தான் அடுத்த துடிப்புக்கான இரத்தம் நிறைய முடியும்.

முதுமையில் இந்த இறைப்பு மெதுவாகிறது. இறந்த செல்களுக்கு ஈடாகப் புதியவை தோன்றுவதும் அரிது: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம், 75 வயதில் அரை சதவீதத்துக்கும் குறைவு. எஞ்சிய செல்கள் பருக்கின்றன. இதயச் சுவர் தடித்து விறைக்கிறது. ஓய்வில் சுருங்கும் வலு பெரும்பாலும் குறைவதில்லை. தளர்ந்து நிறையும் திறனே குறைகிறது.

உழைக்கும்போதுதான் இது வெளிப்படும். 30 வயதில் நிமிடத்துக்குச் சுமார் 190 வரை உயரக்கூடிய துடிப்பு, 70 வயதில் 150 முதல் 160 வரைதான் உயரும். வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் கூடுதல் இரத்தம் செல்ல வேண்டும். அதனால் உச்சிவெயிலில் உப்பு வாரும் முதியவரின் இதயத்துக்குச் சுமை இரட்டிப்பாகிறது. மூத்தவர்கள் காலையிலேயே வேலையை முடிப்பதும், இடையிடையே நிழலில் அமர்ந்து நீர் அருந்துவதும் நலம். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுபவர்கள் நீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

உயர் இரத்த அழுத்தம் இந்த விறைப்பை விரைவுபடுத்தும். மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளுங்கள். உணவில் உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் வையுங்கள். முறையான நடைப்பயிற்சி இதயத்தின் நெகிழ்வைக் காக்க உதவும்.

வழக்கமான வேலையிலேயே மூச்சிரைத்தல், படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், சில நாட்களில் திடீர் எடைக் கூடுதல் ஆகியவற்றை “வயதாகிவிட்டது” என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுருங்கும் வலு சரியாக இருந்தாலும் இதயச் செயலிழப்பு நேரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. நெஞ்சுவலியோ கடும் மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.