பெயர் எழுதப்படாத பெண்

"திருமணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் முன்பு முறிந்துபோன உறவின் நினைவு சில வேளைகளில் வந்து நெஞ்சை வருத்துகிறதே. இது பாவமா, சாமி?"

இவ்வாறு நம்மிடம் வினவுவோர் ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. கேட்கும்போதே தலை குனிந்துவிடும். அவர்களுக்கு விடை கூற முற்படும்போதெல்லாம் நமக்கு நினைவில் வருபவர் புனித அகுஸ்தீனார்.

கார்த்தேஜ் நகரில் மாணவராய் இருந்த இளமையிலேயே அவர் ஒரு பெண்ணோடு வாழத் தொடங்கினார். அது சட்டப்படியான திருமணமன்று. எனினும் அவள் ஒருத்திக்கே உண்மையாய் இருந்ததாக அவரே எழுதுகிறார். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் அதேயோதாத்துஸ், 'இறைவன் தந்தவன்' என்பது பொருள்.

384-இல் அகுஸ்தீனார் மிலான் நகரில் பேச்சுக்கலைப் பேராசிரியரானார். பதவிக்கு ஏற்ற மணம் வேண்டுமென்று தாய் மோனிக்கம்மாள் முயன்று பெண் பார்த்தார். நிச்சயிக்கப்பட்டவளோ இன்னும் சிறுமி. மணவயதை எட்ட ஏறத்தாழ 2 ஆண்டுகள் இருந்தன. இதற்கு இடையூறு என்று கருதி, அத்தனை ஆண்டுகள் உடன் வாழ்ந்தவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வேறெந்த ஆடவனையும் அறியேன் என்று இறைவனுக்கு வாக்களித்து, மகனைத் தந்தையிடமே விட்டுவிட்டு அவள் கப்பலேறினாள்.

குருமடத்தில் 'அறிக்கைகள்' நூலைப் படித்த நாட்களில் இப்பகுதியை நாம் விரைந்து கடந்தோம். மனந்திரும்புதலைப் படிக்கும் அவசரம் நமக்கு! இன்று படிக்கையில் இவ்விடத்திலேயே நின்றுவிடுகிறோம். அவளோடு ஒட்டியிருந்த தம் இதயம் அறுபட்டு இரத்தம் கசிந்தது என்கிறார் அகுஸ்தீனார். மணநாள்வரை பொறுக்கமாட்டாமல் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டதையும் அவர் மறைக்கவில்லை. அதனாலும் அந்தப் புண் ஆறவில்லையாம். எரிச்சல் தணிந்து, சீழ்வைத்து, நம்பிக்கையற்ற வேதனையாகிவிட்டதாம். நிச்சயிக்கப்பட்ட அந்தத் திருமணமும் நடைபெறவில்லை.

இதை அவர் எழுதத் தொடங்கியது 397-ஆம் ஆண்டளவில். அப்போது அவர் ஹிப்போ நகரின் ஆயர். 387 பாஸ்காத் திருநாளில் தம்மோடு திருமுழுக்குப் பெற்ற மகனும் இளமையிலேயே இறந்துவிட்டிருந்தான். பிரிந்து பத்தாண்டுகள் கடந்த பின்னும் அந்தப் புண்ணின் தன்மையை அவரால் இவ்வளவு துல்லியமாய்ச் சொல்ல முடிகிறது. அதே நூலின் பத்தாம் பகுதியில், பழைய பழக்கங்களின் உருவங்கள் நினைவில் வாழ்ந்து உறக்கத்தில் தோன்றுகின்றன என்று ஆயராகவே ஒப்புக்கொள்கிறார். விழித்தெழுந்ததும் மனச்சான்றின் அமைதிக்குத் திரும்புகிறார்.

ஆகவே நம்மிடம் வருவோர்க்கு நாம் சொல்வது இதுதான்: நினைவு தானாய் வருவது பாவமன்று. வந்ததற்குப் பாய் விரித்து உட்காரவைப்பதும், அதனோடு மனைவியையோ கணவனையோ ஒப்பிட்டுக் குறை காண்பதும் வேறு. அங்கேதான் விழிப்பு வேண்டும்.

நம்மை உறுத்துவது மற்றொன்று. மகனின் பெயரை எழுதியவர், தாயின் பெயரை எங்குமே எழுதவில்லை. ஆயினும் 401-ஆம் ஆண்டளவில் திருமணத்தின் நன்மையைக் குறித்து எழுதிய நூலில் ஓரிடம் உண்டு. தகுதியும் செல்வமும் உள்ள வேறொருத்தி கிடைக்கும்வரை ஒரு பெண்ணோடு வாழ்பவன் உள்ளத்தில் விபசாரன் என்கிறார். அவன் விபசாரம் செய்வது அடைய விரும்புகிறவளோடன்று, உடன் வாழ்பவளோடே என்கிறார். கைவிடப்பட்ட பின்னும் அவனுக்கு உண்மையாயிருந்து, வேறு மணத்தை நாடாத பெண்ணையோ விபசாரி என்றழைக்கத் தமக்கு எளிதில் துணிவு வராது என்கிறார்.

அவ்விடத்திலும் பெயரில்லை.