'இப்போது வந்த' எச்சரிக்கை எப்போது வந்தது?

மழை இரண்டு நாள் விடாமல் பிடித்தால் போதும், இரத்தினபுரி மாவட்டத்து எஹலியகொட பகுதித் தோட்டங்களில் வாட்ஸ்அப் குழுக்கள் நிரம்பிவிடும். அநேகமாக ஒரே மாதிரியான பதிவுதான். மேலே சிவப்பு முக்கோணம், 'மண்சரிவு அபாயம்' என்ற தலைப்பு, கீழே எஹலியகொட, குருவிட்ட, கிரியெல்ல, அயகம என்று பிரதேச செயலகப் பிரிவுகள், கடைசியில் 'உடனே பகிரவும்'. எல்லாம் இருக்கும். திகதி மட்டும் இருக்காது.

அது சின்னக் குறை அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையளவை வைத்து மூன்று படிகளில் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு: உடனே வெளியேற வேண்டும். எச்சரிக்கைக்குக் காலக்கெடுவும் உண்டு, பொதுவாக 24 மணித்தியாலம். ஆகவே வெளியான நேரம் இல்லாத எச்சரிக்கையை வைத்துக்கொண்டு லயத்தில் இருப்பவர் எந்த முடிவும் எடுக்க முடியாது.

திகதி எங்கே தொலைகிறது? பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான். சிங்கள அறிவித்தலின் படம் ஒன்று குழுவுக்கு வருகிறது. சிங்களம் படிக்கத் தெரிந்த தம்பி ஒருவர் நடுப்பகுதியை மட்டும் தமிழில் தட்டி அனுப்புகிறார். இன்னொருவர் அதைக் குரல்பதிவாக்குகிறார். மூன்றாவது கைக்குப் போகும்போது யார் சொன்னது, எப்போது சொன்னது இரண்டும் போய்விடுகின்றன. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனால் எழுத்தைப் பிரதியெடுத்துப் புதிதாக ஒட்டினால் அது புதுச் செய்தி. பலமுறை கைமாறியதைக் காட்டும் இரட்டை அம்புக்குறியும் இருக்காது.

இப்படித்தான் போன வருடத்துச் சிவப்பு எச்சரிக்கை இந்த வருடத் தூறலுக்கும் வந்து நிற்கிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, அரிசியையும் பத்திரங்களையும் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு ஒருமுறை பாடசாலைக் கட்டடத்துக்குப் போய் விடியவிடிய இருந்துவிட்டு வந்த குடும்பம், அடுத்த முறை 'இதே மெசேஜ்தானே' என்று திரும்பிப் படுத்துவிடும். அந்த அடுத்த முறைதான் எனக்குப் பயம்.

எஹலியகொட இருக்கும் சப்ரகமுவ மாகாணத்துக்கு இது கற்பனைப் பயம் அல்ல. 2016 மே 17இல் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதே நாள் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மீது மண் விழுந்து தோட்டத் தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியது. பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் நடந்த மண்சரிவு வேறு விதம். இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தார்கள். அன்று எச்சரிக்கை கோப்புக்குள் கிடந்தது. இன்று ஆயிரம் கைபேசிகளில் ஓடுகிறது, ஆனால் பாதி செய்தி வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

பழியை இளைஞர்கள் மேல் மட்டும் போடுவது நியாயம் இல்லை. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் 2025 நவம்பரில் டிட்வா புயல் அடித்தபோது, எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவு, உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது. அரசு விட்ட இடைவெளியைத்தான் அந்தத் தம்பி இரவு பதினொரு மணிக்குத் தன் போனில் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் செய்வது செய்தியாளர் வேலை. அந்த மரியாதையோடு அவரிடம் கேட்பது இவ்வளவுதான்: முதல் வரியில் திகதியும் நேரமும், இரண்டாவது வரியில் நிறமும் பிரிவும், மூன்றாவதில் எதுவரை செல்லும் என்பது. மூல அறிவித்தலின் படத்தை வெட்டாமல் கூடவே அனுப்புங்கள். நேரம் முடிந்ததும் முடிந்தது என்று எழுதுங்கள். குரல்பதிவானால் 'இன்று இத்தனையாம் திகதி' என்று தொடங்குங்கள்.

சில நேரம் அறிவித்தலுக்கு முன்பே மலை சொல்லிவிடும். பீலியில் தண்ணீர் திடீரென்று சேறாக வந்தாலோ, நின்றே போனாலோ, லயத்துக்கு மேலே நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ எந்த நிறத்துக்கும் காத்திருக்கக் கூடாது. முதலில் ஆட்களை இறக்கிவிட்டு, பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள்.