லேசர் டிஸ்க் கருவி வாங்குவோர் கவனத்திற்கு: ‘மல்டி’ என்ற ஒட்டுத்தாளை மட்டும் நம்ப வேண்டாம்

தானா ராத்தா – அட்டைப் பெட்டியில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் லேசர் டிஸ்க் தட்டுகளை மறுபடியும் ஓட்டிப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ‘மல்டி’ என்று ஒட்டுத்தாள் ஒட்டிய பழைய கருவி ஒன்றை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாங்கி, மலைப் பாதையில் பத்திரமாக மேலே கொண்டு வருவார்கள். ஒரு தட்டு அழகாக ஓடும். அடுத்த தட்டில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது மேலும் கீழுமாக உருளும். மூன்றாவதில் படம் வரும், சத்தம் வராது. “கருவி கெட்டுப்போச்சு” என்று அதை ஓரமாக வைத்துவிடுவார்கள். உண்மையில் பல நேரங்களில் அந்தக் கருவியில் எந்தப் பழுதும் இருப்பதில்லை.

லேசர் டிஸ்க் 1978 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 30 சென்டிமீட்டர் அகலம், பெரிய இசைத்தட்டின் அளவு, கண்ணாடிபோல் மின்னும் பரப்பு. விசிடி வந்து எல்லாவற்றையும் மலிவாக்கும் வரை நம் வட்டாரத்தில் படம் வாடகைக்கு எடுப்பதற்கும் கராவோக்கே பாடுவதற்கும் பயன்பட்டது. இந்தக் கருவிகளைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானின் பயனியர் நிறுவனம், மேலும் ஏறக்குறைய 3,000 கருவிகளோடு உற்பத்தியை நிறுத்துவதாக 2009 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே இன்று கடையில் பார்க்கும் ஒவ்வொரு கருவியும் பழையதுதான். உதிரிப் பாகங்களும் இன்னொரு பழைய கருவியிலிருந்து கழற்றியவையே.

சிக்கலின் வேர் ஒளிபரப்பு முறையில் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை, பிரிட்டன் எல்லாம் பால் முறையில் தொலைக்காட்சி நடத்திய நாடுகள். (தேநீரில் ஊற்றும் பால் அல்ல, ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்.) ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறையைப் பின்பற்றின. பால் படத்தில் 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். என்டிஎஸ்சியில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நிறத்தைக் குறிக்கும் விதமும் வேறு. லேசர் டிஸ்க்கில் படம் டிவிடியைப்போல் எண்களாகப் பதியப்படவில்லை. தொலைக்காட்சிக்குப் போகும் அலை எப்படியோ அப்படியே, கோடுகளும் நிறமும் சேர்ந்து, தட்டிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. என்டிஎஸ்சி தட்டு என்றைக்கும் என்டிஎஸ்சி தட்டுதான்.

மலேசியா பால் நாடு என்பதால் இங்கே இருக்கும் தட்டுகளும் பால் முறையில்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற வேண்டிவரும். ஹாங்காங்கின் தொலைக்காட்சியும் பால் முறைதான்; ஆனால் அங்கு வெளியான லேசர் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை என்டிஎஸ்சி. அமெரிக்கா, ஜப்பான் தட்டுகளும் அப்படியே. ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998-இல் ஜப்பானியத் திரையரங்குகளைக் கலக்கிய கதை நம்மவர்களுக்குத் தெரியும். அந்த நாட்டு ரசிகர்களுக்காக ஜப்பானில் விற்ற எந்தப் படத்தின் தட்டும், அது தமிழ்ப் படமே ஆனாலும், என்டிஎஸ்சி முறையில்தான் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்தவை பால். ஒரே வீட்டுப் பெட்டியில் இரண்டும் கலந்து கிடப்பது இப்படித்தான்.

அதனால் கருவியைத் தேடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து தட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. உறையின் பின்பக்கம் ஏதாவது ஒரு மூலையில் முறையின் பெயர் அச்சாகியிருக்கும். தயாரித்த நாட்டை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஜப்பானியத் தொழிற்சாலைகள் வெளிநாடுகளுக்காகப் பால் தட்டுகளையும் அச்சிட்டுக் கொடுத்திருக்கின்றன. எல்லாமே என்டிஎஸ்சி என்று தெரிந்தால் ‘மல்டி’ கருவிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதே இல்லை. ஜப்பான் நாட்டுக் கருவி ஒன்றே போதும். படமும் நன்றாக இருக்கும். கலந்து இருந்தால்தான் இரு முறைக் கருவி தேவை.

அப்படித் தேவைப்படும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எந்தத் தட்டுகளைப் படிக்கும்? தொலைக்காட்சிக்கு எதை அனுப்பும்? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. இரு முறைக் கருவிகளில் சில, என்டிஎஸ்சி தட்டைப் போட்டால் அதே என்டிஎஸ்சி அலையை அனுப்பும். சில, 525 கோடுகளை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் பால் முறைக்கு மாற்றி அனுப்பும். இதற்குப் ‘பால் 60’ என்று பெயர். சிலவற்றில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பின்புறத்தில் பொத்தான் உண்டு. படம் தெளிவாக இருந்தும் நிறம் மட்டும் இல்லையென்றால், தொலைக்காட்சிக்கு அந்த நிற முறை புரியவில்லை என்று பொருள். படம் உருண்டால், நொடிக்கு 60 என்ற வேகத்தை அது ஏற்கவில்லை. இரண்டிலும் கருவியின் மேல் குற்றமில்லை. பொத்தானை மாற்றிப் பார்க்கலாம், அல்லது வேறொரு தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்கலாம். மாறாக, பால் தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு சிறிது நேரம் சுழற்றிவிட்டுக் கருவி நின்றுபோனால், அது என்டிஎஸ்சியை மட்டும் படிக்கும் கருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒட்டுத்தாள் என்ன சொன்னாலும் சரி.

சத்தம் வராததற்குக் காரணம் வேறு. என்டிஎஸ்சி தட்டில் பழைய அனலாக் ஒலியும் டிஜிட்டல் ஒலியும் ஒன்றாக இருக்க இடம் உண்டு. பால் தட்டில் அந்த இடம் இல்லை; இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். டிஜிட்டல் ஒலி உள்ள பால் தட்டை, அந்த வசதி வருவதற்கு முன் தயாரான கருவியில் போட்டால் படம் மட்டும் ஓடும். கராவோக்கே தட்டில் இது நேர்ந்தால் பாடுவதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே பால் தட்டுகள் வைத்திருப்போர், கருவியில் டிஜிட்டல் ஒலி உண்டா என்பதோடு, அனலாக் ஒலியுள்ள பால் தட்டும் ஒலிக்கிறதா என்பதையும் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: பயனியரின் சிஎல்டி-டி925 இரு முறைத் தட்டுகளையும் படிக்கும் கருவி, சேகரிப்போரிடையே நல்ல பெயர் பெற்றது. டிவிஎல்-909 லேசர் டிஸ்க்கோடு டிவிடியையும் ஓட்டும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பாவுக்காகத் தயாரான டிவிஎல்-909 இரு முறை லேசர் டிஸ்க்குகளையும் படிக்கும். அதே எண்ணில் அமெரிக்காவில் விற்றது என்டிஎஸ்சி தட்டுகளை மட்டுமே படிக்கும். முன்பக்கம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பின்பக்கத்தில் ஒட்டியுள்ள உலோகத் தகட்டில் மின்னழுத்தமும் முறையும் எழுதியிருக்கும். இணையத்தில் வாங்குவோர் அந்தத் தகட்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் அனுப்பலாம். டிவிடிக்கும் தனி வட்டாரக் கணக்கு உண்டு: ஐரோப்பா, ஜப்பான் கருவிகள் வட்டாரம் 2, மலேசியா வட்டாரம் 3. அதை நம்பி இதை வாங்க வேண்டாம்.

மின்னழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜப்பான் கருவி 100 வோல்ட், அமெரிக்கக் கருவி 120 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் வருவது 240 வோல்ட். பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றும் சிறு அடாப்டரைப் போட்டுச் செருகினால் அந்த நொடியே கருவி போய்விடும். 100 வாட்டுக்கு மேல் தாங்கும், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள் கடைகள் நாட்டில் பெருகிவிட்ட இக்காலத்தில் இந்தத் தவறு எளிதில் நடக்கக்கூடியது. டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தை மட்டுமே மாற்றும். என்டிஎஸ்சியைப் பாலாக மாற்றாது.

தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று தட்டின் நேரம். நீண்ட நேரம் ஓடும் வகை என்டிஎஸ்சி தட்டில் ஒரு பக்கம் 60 நிமிடம். இரண்டு மணி நாற்பது நிமிடப் படத்துக்கு மூன்று பக்கங்கள் வேண்டும். இரு பக்கத்தையும் தானாகவே ஓட்டும் கருவியாக இருந்தால், சண்டைக் காட்சியின் நடுவில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பும் வேலை மிச்சம். பால் தட்டில் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். ஆனால் நொடிக்கு 24 படங்களாக எடுத்ததை 25-ஆக ஓட்டுவதால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். பாடல்களின் சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர்களின் காது இதைக் கண்டுபிடித்துவிடும்.

கேமரன் மலையின் குளிரும் ஈரமும் இந்தக் கருவிகளுக்கு நல்ல தோழர்கள் அல்ல. லேசர் லென்ஸில் பூஞ்சை படரும். தட்டு ஈரத்தை மெல்ல உறிஞ்சும். உள்ளே இருக்கும் அலுமினியப் படலம் அரிக்கத் தொடங்கினால் படத்தில் வண்ணப் புள்ளிகள் பனிபோல் கொட்டும். அதற்கு மருந்து இல்லை. கருவியை மூடிய அலமாரியில் அடைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றோட்டமாக வைப்பதும், வாரம் ஒரு முறையாவது ஓட்டுவதும் உதவும். தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுக்கி வைத்தால் வளையும். துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக்கூடாது. குளிர்ந்த தானா ராத்தாவிலிருந்து கருவியைப் பழுதுபார்க்கத் தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறக்கினால், அங்குள்ள வெப்பமான ஈரக் காற்று பட்டவுடன் லென்ஸில் நீர் பூக்கும். இறக்கியவுடன் ஓட்டாமல் ஓரிரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். இந்த ஒரு காரணத்தால் நல்ல கருவியைப் பழுது என்று முடிவு கட்டியவர்கள் இருக்கக்கூடும்.

வாங்கும் நாளில் சொந்தத் தட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்வதே மிகச் சிறந்த சோதனை. பால் ஒன்று, என்டிஎஸ்சி ஒன்று. கடைக்காரர் தன் தட்டின் முதல் ஐந்து நிமிடத்தை ஓட்டிக் காட்டுவது போதாது. லேசர் டிஸ்க் உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டத்தில் முடிகிறது. தளர்ந்த கருவி பெரும்பாலும் வெளிவட்டத்தில்தான் தடுமாறும். ஆகையால் பக்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தாவச் சொல்லி, அங்கே படம் நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் பக்கத்தையும் ஓட்டச் சொல்ல வேண்டும். தட்டை வைக்கும் தட்டம் வெளியே வர மறுத்தால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கலாம். அது சில வெள்ளியில் முடியும் வேலை. லேசர் பகுதியே பலவீனமாக இருந்தால் அந்தக் கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டுக்கு வந்த பின் தொலைக்காட்சி. மஞ்சள் நிற ஏவி சொருகி இன்றைய பல புதிய தொலைக்காட்சிகளில் இல்லை. அதை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டி வாங்கலாம். ஆனால் மலிவான பெட்டிகள் பால் 60 அலையைக் கண்டால் குழம்பிவிடும். கருவியில் பொத்தான் இருந்தால் தூய என்டிஎஸ்சியில் வைத்து இணைப்பது பாதுகாப்பானது. பின்பக்கம் பழைய சொருகிகளோடு உள்ள பத்து, பதினைந்து ஆண்டுத் தொலைக்காட்சி ஒன்று வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். லேசர் டிஸ்க்குக்கு அதுவே பொருத்தமான ஜோடி. அவற்றில் பெரும்பாலானவை இரு முறைகளையும் ஏற்கும்.

வேறெங்கும் கிடைக்காத தட்டு என்று ஒன்று பெட்டியில் இருந்தால், கருவி நன்றாக இருக்கும்போதே அதைக் கணினியில் பதிந்துகொள்வது நல்லது. பதிவுப் பெட்டி வாங்கும்போதும் அதே கேள்விதான்: இரண்டு முறைகளையும் ஏற்குமா? இதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கருவி வேண்டும் என்பதில்லை. தோட்டத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து சோதித்து வாங்கிய ஒரு நல்ல இரு முறைக் கருவி, நான்கு வீட்டுப் பெட்டிகளுக்கும் போதும்.