தஃப்தரில் இல்லாத கட்டம்

ஷரீஅத்தின்படி பெரியம்மா மகள் எனக்கு மஹ்ரம் அல்ல. மணமுடிக்கத் தடையில்லாதவள், ஆகவே என் முன்னால் திரையின்றி வரக்கூடாதவள். தமிழ் உறவுமுறைப்படி அவள் எனக்குத் தங்கச்சி. கட்டிக்கொள்வது என்ற பேச்சே அசிங்கம். மாமன் மகள், அத்தை மகள் என்றால் முறைப்பெண். சிற்றப்பன் மகள், பெரியம்மா மகள் என்றால் கூடப்பிறந்த கணக்கு. இஸ்லாம் இந்த நான்கு உறவுகளையும் ஒன்றாகவே வைத்து அனுமதி தருகிறது. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள்.

செம்மங்குப்பத்தில் நடந்த இந்தத் தங்கையின் கல்யாணத்தில் முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் என்னால் போய்வர முடிந்தது இந்த இரண்டாவது கணக்கால்தான். தெருவில் பந்தல், பந்தலில் ஆண்கள். கொல்லையில் பண்டாரியின் அடுப்பு. இரண்டுக்கும் நடுவே பெண்களின் வீடு. தால்ச்சா வாளி, சர்பத் தட்டு, கூடுதலாக வந்துவிட்ட இருபது பேருக்குப் பாய் என்று எதை எடுத்தாலும் அந்த நடு வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். 'யாரு, தம்பிதானே, வரட்டும்' என்று சொல்லிவிடுவார்கள். மாப்பிள்ளை பக்கத்து இளவட்டங்களுக்கு அந்தக் கதவு கிடையாது. கல்யாணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பந்தலில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். தட்டு தூக்குகிறவனுக்கு வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன.

முதலில் 'கலப்புப் பண்பாடு' என்ற சொல்லாடலை ஓரமாக எடுத்து வைக்கலாம். கருகமணியைத் தாலியின் மறுவடிவம் என்பார்கள். மாப்பிள்ளையின் சகோதரி அதைக் கட்டிவிடுவதை நாத்தனார் முடிச்சோடு ஒப்பிடுவார்கள். ஒப்புமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கலப்பு என்று சொன்ன மாத்திரத்தில் கலக்காத ஒரு தூய இந்துத் திருமணமும் கலக்காத ஒரு தூய இஸ்லாமியத் திருமணமும் எங்கோ இருப்பதாக ஆகிவிடுகிறது. தவ்ஹீதுப் பிரச்சாரகர்களும் அதே தூய்மையைத்தான் தேடுகிறார்கள், மதிப்பெண் மட்டும் தலைகீழ். பல்லாவரம் முஸ்லிம்களை ஆராய்ந்து 1972இல் 'முஸ்லிம் வணிகர்கள்' என்ற நூலை எழுதிய மாட்டிசன் மைன்ஸ், ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவர்கள் தங்கள் உட்பிரிவைவிட இஸ்லாத்தையே அடையாளமாக முன்வைக்கும் போக்கைக் கவனித்தார். மார்க்கப் பிடிப்பு என்பது பழமையின் மிச்சம் அல்ல, நகர்மயமாதலின் விளைவு என்பது அதன் பொருள். கலப்பைப் புகழ்கிறவர்களும் இகழ்கிறவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள்.

நிக்காஹ் சட்டத்தின் பார்வையில் ஓர் ஒப்பந்தம். 1886இல் அப்துல் காதிர் எதிர் சலீமா வழக்கில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி சையது மஹ்மூத் அப்படித்தான் விளக்கினார். ஒரு தரப்பு முன்மொழிகிறது, மறு தரப்பு ஏற்கிறது, சாட்சிகள் கேட்கிறார்கள், மஹர் குறிக்கப்படுகிறது. ஜே. எல். ஆஸ்டின் 'சொல்வதே செய்வது' ஆகிற கூற்றுகளை விளக்கும்போது திருமண வாக்கைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அவருடைய தேவாலயத்தில் மணமகளும் வாய்திறந்து சொல்கிறாள். இங்கே மணமகனின் 'ஏற்றுக்கொண்டேன்' ஒலிபெருக்கி வழியாகத் தெருமுனை டீக்கடை வரை கேட்கிறது. மணமகளின் சம்மதம் உள்ளறை வாசலில், மூன்று நான்கு பேர் முன்னிலையில் முடிந்துவிடுகிறது. கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற நபிமொழி உண்டு. அது நாணத்தால் பேச முடியாதவளைக் காப்பாற்றச் சொன்னதாகவும் படிக்கலாம். பேச விரும்புகிறவளை அடக்கவும் அதே வரி பயன்படும். கடற்கரை மரைக்காயர்களிடம் வழங்கும் ஷாஃபி மத்ஹபில் வலீ இல்லாமல் பெண்ணின் திருமணம் செல்லாது. ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் வயதுவந்த பெண் தானே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஏட்டில் இவ்வளவு பெரிய வித்தியாசம். நான் பார்த்த ஹனஃபிக் கல்யாணங்களிலும் வாசல்படியில் நிற்பது வலீதான், பேசுவதும் அவர்தான்.

செம்மங்குப்பத்திலும் அப்படியே. சம்மதமா என்று கேட்கப்பட்டது. தலை அசைந்ததா என்று எனக்குத் தெரியும் முன்பே பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, 'சம்மதம்தான், நோட்ட கொடுங்க' என்றார். தங்கை கையெழுத்துப் போட்டாள். பி.எஸ்ஸி. படித்தவள், கையெழுத்து மணியாக இருந்தது.

அந்த 'நோட்டு'தான் தஃப்தர். சின்ன ஊர் என்பதால் பக்கத்து ஊர் ஜமாஅத்திலிருந்து மஞ்சள் பையில் வந்திருந்தது. மணமகன், மணமகள், இருவரின் தகப்பனார், வலீ, சாட்சிகள், மஹர், நடத்திவைத்த ஹஜரத் என எல்லாவற்றுக்கும் கட்டம் போட்ட புத்தகம். மஹர் கட்டத்தில் இரண்டு பவுன் என்று எழுதினார்கள். மணமகன் மணமகளுக்குத் தருவது அது. எதிர்த் திசையில் போனதற்குக் கட்டம் இல்லை.

எதிர்த் திசையில் போவதற்கு நம் ஊர்களில் கைக்கூலி என்று பெயர். சொல்லே பச்சையாக இருப்பதால் யாரும் அதைச் சபையில் சொல்வதில்லை. சீர், செய்முறை, 'நீங்க உங்க புள்ளைக்கு என்ன போடுவீங்களோ போடுங்க' என்று இடத்துக்கு ஏற்ற பெயர்கள் வரும். கடைசி வாக்கியம்தான் மிகவும் செலவுபிடிப்பது, ஏனென்றால் அதில் தொகை இல்லை. பெண்ணின் தகப்பனார் தானே ஒரு தொகையைக் கற்பனை செய்து, குறைந்துவிடுமோ என்று பயந்து, கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

ஆனால் கைக்கூலி எல்லாக் காலத்திலும் எழுதப்படாமல் இருந்ததில்லை. சில ஊர் ஜமாஅத்துகளில் அதையும் தஃப்தரில் பதிந்தார்கள், அதில் ஒரு விகிதம் பள்ளிவாசலுக்கு என்று வசூலும் செய்தார்கள். அல்லாஹ்வின் வீட்டுக்கு வரதட்சணையில் கமிஷனா என்று எண்பதுகளிலிருந்து தவ்ஹீது இளைஞர்கள் கேட்டது நியாயமான கேள்வி. கைக்கூலி வாங்கும் கல்யாணத்தில் சாப்பிட மாட்டோம் என்று அவர்கள் எழுந்துபோனதும் சின்ன விஷயமில்லை. திராவிட இயக்கமோ இடதுசாரிகளோ தம் தொண்டர்களின் வீட்டுப் பந்திகளில் அந்த அளவுக்குக் கடுமை காட்டியதாக எனக்கு நினைவில்லை. அதனால் கைக்கூலி உண்மையிலேயே நின்றுபோன குடும்பங்கள் உண்டு. நிற்காத குடும்பங்களில் நடந்ததைத்தான் நாம் பேச வேண்டும். தொகை நிற்கவில்லை, எழுத்து நின்றது.

எழுதுவது அநியாயத்துக்கு முத்திரை குத்துவது. எழுதாமல் விடுவது அநியாயத்தின் தடயத்தை அழிப்பது. பழைய தஃப்தர், பள்ளிவாசலின் பங்குக்காகத்தான் என்றாலும், இவ்வளவு போனது என்று சொல்லும் ஒரு காகிதமாக இருந்தது. தலாக் என்று வந்தால் பெண்ணின் தகப்பனார் அதைக் காட்டிக் கேட்கலாம். இன்று மஹர் மட்டும் பதிவாகிறது. அந்த ஏட்டைப் பிற்பாடு படிக்கிற ஒருவருக்கு, இந்தச் சமூகத்தில் பணம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு மட்டுமே போயிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆவணம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் கட்டங்கள் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை.

சீர்திருத்தத்தில் முதலில் போனவை எவை என்றும் பார்க்கலாம். கருகமணி, சந்தனம் தடவல், பூ, பெண்கள் உள்ளே பாடிய பாட்டு. எல்லாம் செலவு குறைந்தவை. எல்லாம் பெண்கள் கையில் இருந்தவை. தங்கை கல்யாணத்தில் கருகமணி கட்டினார்கள். அதை 'பித்அத்' என்று முணுமுணுத்த அதே வாய், பந்தியில் மட்டன் துண்டு சிறுத்துப்போனது பற்றியும் பேசியது. (நான்தான் பரிமாறினேன், துண்டு சிறுசில்லை.)

அரசின் சட்டமும் இதே சிக்கலில் நிற்கிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம், ஷரீஅத்துக்கு உட்பட்டவர்களின் மஹர் வரதட்சணை ஆகாது என்று விலக்கு தருகிறது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்கிறது. கொடுத்தவரும் குற்றவாளி என்பதால் கொடுத்தவரே வாயை மூடிக்கொள்கிறார். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, வேறு யார் வாங்கியிருந்தாலும் அந்த வரதட்சணை பெண்ணுக்கே சேர வேண்டும் என்கிறது. ஷா பானு வழக்கை ஒட்டி வந்த 1986ஆம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் சட்டத்தை நாம் ஜீவனாம்சப் பிரச்சினையாக மட்டுமே விவாதித்திருக்கிறோம். மணவிலக்கு பெற்றவளுக்கு, திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, பின்போ உறவினர்களும் நண்பர்களும் கணவன் வீட்டாரும் அவளுக்குத் தந்த பொருள் அனைத்தும் உரியது என்று அதன் 3ஆம் பிரிவு சொல்வது பலர் கண்ணில் படவில்லை. உரிமை இருக்கிறது. எது எது தரப்பட்டது என்று காட்டத்தான் காகிதம் இல்லை. தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. திருமணம் நடந்தது என்பதற்கு அது ஆதாரம், பீரோவுக்கு அல்ல.

அந்தக் காகிதம் வேறொரு இடத்தில் இருக்கிறது. பெண்களின் வீட்டைக் கடந்து போனதால் பார்த்தேன். பெரியம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். சங்கிலி எத்தனை பவுன், எந்தக் கடை. கட்டில், பீரோ, அண்டா, குத்துச்சட்டி. மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம். யார் வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது. பேனா மாறி மாறி, மூன்று தலைமுறைக் கையெழுத்தில், முந்தைய கல்யாணங்களின் கணக்கும் அதே நோட்டில் இருக்கிறது. நம் ஆய்வாளர்கள் 'வாய்மொழி மரபு' என்று பெண்களுக்கு ஒதுக்கிவைத்ததற்கு நேரெதிரான பிரதி இது. எழுதியது பெண்கள். ஒரே குறை, எதிர்த்தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. 'அவங்ககிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கினா என்ன?' என்று கேட்டேன். 'நல்ல நாள்ல அதைக் கேட்டா நம்பிக்கை இல்லேன்னு ஆயிடாதா தம்பி?' என்றார் பெரியம்மா. மஹர் கட்டத்தின் கீழ் அன்று காலையில்தான் சாட்சிகள் கையெழுத்திட்டிருந்தார்கள்.

வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள் பெரியம்மாவின் நோட்டைப் போன்ற ஒன்றைத்தான் கேட்கின்றன. திருமணத்தின்போது பெண்ணுக்கு வந்த அன்பளிப்புகள், அவற்றின் உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, அடியில் மணமகன் மணமகள் இருவரின் கையெழுத்து. பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டியவள் மணமகள். கேட்டு வாங்கிய தொகையை இந்தப் பட்டியல் சட்டபூர்வமாக்காது. போன நகை எது என்பதை மட்டும் காட்டும். இதற்குப் புதிய சட்டமோ புதிய ஃபத்வாவோ தேவையில்லை. தஃப்தர் மஞ்சள் பையில் வரும்போது அதோடு இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு கார்பனும் வர வேண்டும். மஹருக்குக் கையெழுத்து வாங்கும் அதே நேரத்தில், அதே சாட்சிகள் முன்னிலையில் அதிலும் வாங்கி, ஒரு படியைத் தஃப்தரில் ஒட்டி, மறு படியைப் பெண்ணிடம் கொடுத்துவிடலாம்.