அதிவேக இருப்புப்பாதையும் உள்நாட்டுப் பிரயாணமும்

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி வியக்கத்தக்கதே, அதில் ஐயமில்லை. ஆயினும் பிரயாணி வேண்டுவது வண்டியின் வேகமன்று. தன் வீட்டு வாயிலினின்று புறப்பட்டுத் தான் நாடிய வாயிலைச் சேரும் வேகமேயாம். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஒரு நாட்டின் அண்டை நகரங்களுக்கிடையே நிகழும் பிரயாணத்திற்கு அதிவேக இருப்புப்பாதை எவ்வளவு தூரம் ஏற்றது என்பதை இவ்வேறுபாட்டைக் கொண்டே நாம் ஆராயப் புகுகின்றோம்.

இவ்வகைப் பாதை முதன்முதல் தோன்றியது ஜப்பான் தேசத்தில். டோக்கியோவுக்கும் ஒஸாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாதை 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. பழைய குறுகிய பாதையில் விரைவு வண்டிக்கும் ஆறரை மணி நேரம் பிடித்த பிரயாணம் நான்கு மணியாயிற்று. மறு ஆண்டில் மூன்று மணி பத்து நிமிஷமாகக் குறைந்தது. இதன் வெற்றிக்குக் காரணம் வேகம் மாத்திரமன்று. நகோயா, கியோட்டோ முதலிய நகரங்கள் வழியிலே மணி கோத்தாற்போல் அமைந்திருந்தன. பழைய பாதையோ பெருகிய ஜனத்திரளைத் தாங்கமாட்டாது நெருக்குண்டு கிடந்தது.

இனி, இதற்குப் புதிய பாதை வேண்டுவது ஏன் என்பதைக் காண்போம். வளைவிலே வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதாகலின், வேகம் மும்மடங்கானால் அவ்விசை ஒன்பது மடங்காகும். ஆகவே பாதை நேராகச் செல்லல் வேண்டும். வளையுமிடத்தும் பல கிலோமீட்டர் ஆரமுள்ள பெருவளைவாக வளைதல் வேண்டும். அன்றியும், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒவ்வொரு வினாடியும் தன் வேகத்தில் வினாடிக்கு 0.7 மீட்டர் குறைத்துக்கொண்டே வந்து நிற்பதாயின், அதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷமும் ஐந்து கிலோமீட்டர் தூரமும் வேண்டும். மீண்டும் முழு வேகம் பெறுதற்கு அதனினும் மிகுதியாக வேண்டும். ஆதலின் ஸ்டேஷன்கள் நெருங்கியிருத்தலாகாது. நேரான பாதை நெருக்கமான பழைய நகரங்களின் நடுவே புகுதலும் அரிது. புகின் நிலத்தின் விலையும், வீடிழப்போர் துயரமும் மிகும். எனவே ஸ்டேஷன் பலவிடங்களில் ஊருக்குப் புறத்தே வயல்வெளியில் அமைகின்றது.

இதனால் விளைவது யாது? ஒரு கணக்கினால் காட்டுவோம். சாதாரண வண்டி நிற்குமிடங்களெல்லாம் உட்படச் சராசரி மணிக்கு 80 கிலோமீட்டரும், அதிவேக வண்டி 200 கிலோமீட்டரும் செல்வதாகக் கொள்வோம். எண்பது கிலோமீட்டர் தூரத்திற்கு முன்னது 60 நிமிஷமும் பின்னது 24 நிமிஷமும் கொள்ளும். மிச்சம் 36 நிமிஷம். புறநகர் ஸ்டேஷனை அடைய இருமுனையிலும் இருபது இருபது நிமிஷம் மிகுதியாகச் செலவாயின், மிச்சம் முழுதும் போய் நான்கு நிமிஷம் நட்டமாகும். தூரம் 320 கிலோமீட்டராயின், மிச்சம் 144 நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தைக் கழித்த பின்னும் 104 நிமிஷம் லாபமாக நிற்கும். ஆகவே மிகக் குறுகிய தூரத்திற்கு இவ்வண்டியால் பயன் சிறிது. மிக நெடுந்தூரத்திற்கோ ஆகாய விமானம் முந்திக்கொள்ளும். இடைப்பட்ட தூரமே இதற்குரிய களம்.

இவ்வுண்மையைத் தைவான் தீவில் தெளிவாகக் காணலாம். ஜனங்கள் நெருங்கி வாழும் அதன் மேற்குக் கரையோரமாக 350 கிலோமீட்டர் நீளமுள்ள அதிவேகப் பாதை 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வடக்கே தைபேயையும் தெற்கே கௌஸியுங் நகரையும் அது இணைக்கின்றது. அவ்விரு நகரங்களுக்கும் இடையே பறந்த விமானங்கள் 2012ஆம் ஆண்டில் அறவே நின்றுபோயின. ஆனால் இடைப்பட்ட நகரங்களின் நிலை வேறு. தைனான் நகரின் அதிவேக ஸ்டேஷன் ஊருக்கு வெளியே அமைந்தமையால், பழைய ஸ்டேஷனிலிருந்து அங்குச் செல்லச் சாதாரண ரயில் கிளைப்பாதை ஒன்று போடவேண்டியதாயிற்று. ஸின்ச்சு நகரிலும் அவ்வாறே செய்தனர். இவ்விரு கிளைகளும் திறக்கப்பட்டது 2011ஆம் ஆண்டில், அஃதாவது பெரும்பாதை திறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. பெரும்பாதையோடு கூடவே சிறுபாதையையும் அமைத்திருப்பின், அந்நான்கு ஆண்டுகளின் பயனும் அந்நகரத்தார்க்குக் கிட்டியிருக்கும்.

பொருளைப் பற்றியும் அத்தீவு ஒரு பாடம் தருகின்றது. அப்பாதையைக் கட்டி நடத்தும் பொறுப்பை ஒரு தனியார் கம்பெனி 35 ஆண்டு உரிமையில் ஏற்றது. வண்டிகள் நன்கு ஓடின. எனினும் கட்டுமானக் கடனின் வட்டியும் தேய்மானமும் கம்பெனியை அழுத்தின. 2015ஆம் ஆண்டில் அரசாங்கம் புதுமுதல் இட்டும், உரிமைக் காலத்தை 70 ஆண்டாக நீட்டியும் அதனைக் காக்க நேர்ந்தது. பாதை பயனுடையதாயிருத்தல் வேறு, இட்ட முதலை விரைவில் மீட்டல் வேறு என்பது இதனால் விளங்கும்.

நம் தேசத்திலும் மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் நீளமுள்ள அதிவேகப் பாதைக்கு 2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. தூரத்தை நோக்க அது பொருத்தமானதே. அதில் ஆமதாபாத், வடோதரா ஸ்டேஷன்களைப் பழைய ஸ்டேஷன்களை ஒட்டியும், சூரத் ஸ்டேஷனை நகருக்கு வெளியேயும் அமைக்கத் திட்டமிட்டனர். சூரத் நகரத்தார் பெறும் நன்மை, அந்த ஸ்டேஷனுக்கு அவர்கள் எளிதிற் செல்லும் வழியைப் பொறுத்ததாகும்.

நம் மாணவருள் பலர் நாளை இயந்திர நிபுணராகவும் நிர்வாகிகளாகவும் விளங்கக்கூடும். இத்தகைய திட்டம் அவர்கள் முன் வரும்போது, வண்டி எவ்வளவு விரைந்தோடும் என்பதை மட்டும் வினவுதல் போதாது. வழியில் வாழும் ஜனங்கள் எத்துணையர்? தூரம் ஏற்றதா? ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் செல்லச் சிறுவண்டி ஆயத்தமாயிருக்குமா? கட்டணத்தைக் கொடுக்கவல்லார் எத்தனை பேர்? கொடுக்க இயலாத ஏழைப் பிரயாணியின் சாதாரண வண்டி, இப்பெருஞ்செலவினால் புறக்கணிக்கப்படாதிருக்குமா? இவற்றுக்கெல்லாம் தக்க விடை கிடைக்குமாயின், அதிவேகப் பாதை நாட்டுக்கு நற்றுணையாகும். கிடையாதாயின், அதே பொருளைக் கொண்டு பழைய பாதைகளை இரட்டித்துச் செப்பனிடுதலே அறிவுடைமையாகும் என்பது நம் கருத்து.