குழல்களின் கோட்டை – 7: விரலை எப்போது எடுப்பது?

பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால், ஒலி பிறந்த நொடியிலேயே தேயத் தொடங்கிவிடும். ஆர்கனில் அந்தக் கதையே இல்லை. போன வாரம் பார்த்தோமே, கட்டை கீழே போனதும் குழாயின் அடியில் ஒரு வால்வு திறக்கிறது. கட்டையை விடும்வரை ஒலி அதே கனத்தில் நிற்கும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆர்மோனியம் வாசித்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஆனால் அங்கே துருத்தி போடும் இடக்கை ஒலியை ஏற்றி இறக்கும். ஆர்கன்காரரின் விரலுக்கு அந்தத் துணையும் கிடையாது. அவர் விரலுக்கு மிஞ்சுவது இரண்டு முடிவுகள்தான்: எப்போது அழுத்துவது, எப்போது எடுப்பது.

அழுத்துவது சுலபம். ஆர்கன் பாடநூல்கள் நானூறு ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பது எடுப்பதைப் பற்றித்தான்.

முதலில் வந்த பெரிய நூல், ஜிரோலாமோ டிரூட்டா எழுதிய ‘இல் டிரான்சில்வானோ’. வெனிஸ், 1593. கேள்வி பதிலாகப் போகும் புத்தகம். கட்டையை அடிக்காதே, அழுத்து என்பது அவருடைய முக்கியக் கட்டளை. நடனப் பாட்டு வாசிக்கிறவர்கள் கையைத் துள்ளவிட்டு வாசிப்பார்கள், அது ஆர்கனுக்கு ஆகாது என்கிறார். விரல்களிலும் அவருக்கு நல்லது, கெட்டது உண்டு. ஆட்காட்டி விரலும் மோதிர விரலும் நல்லவை. தாளத்தில் அழுத்தம் விழும் சுரங்கள் அவற்றுக்கு. மற்றவை கெட்ட விரல்கள். இன்றைய பியானோ ஆசிரியர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

அடுத்து பாக். வைமாரில் அரசவை ஆர்கன் கலைஞராக இருந்த காலத்தில், பெரும்பாலும் 1708க்கும் 1717க்கும் இடையில், அவர் தொகுத்தது ‘ஆர்கல்புக்லைன்’, அதாவது ஆர்கன் சிறுநூல். லூத்தரன் ஞானப்பாட்டு மெட்டுகளின் மேல் கட்டிய சின்னச் சின்ன உருப்படிகள். 164 எழுதத் திட்டமிட்டுத் தாள்களில் தலைப்புகளைக்கூட எழுதி வைத்தார். முடித்தவை 46 தான். ஆரம்ப மாணவனுக்கு வழிகாட்டவும், காலால் வாசிக்கும் கட்டைகளில் தேர்ச்சி தரவும் எழுதியது என்று முகப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் உள்ளே எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று ஒரு குறிப்பும் இல்லை. ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதிய பாடநூல் அது.

அந்த ஆசிரியர் போன பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

1862. பாரிஸ் சான் சுல்பீஸ் தேவாலயத்தில் ஆர்கன் கட்டுநர் கவாயே-கோல் தம் பிரம்மாண்டமான ஆர்கனை முடிக்கிறார். அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஆர்கன் கலைஞர் லெமென்ஸ் தம் ‘எகோல் தோர்க்’ என்ற பாடநூலை வெளியிடுகிறார். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளியும் விழக்கூடாது என்பது அவர் பள்ளியின் வேதம். அதற்காக அவர் ஊட்டிய வித்தைதான் விரல் மாற்றல். ஆட்காட்டி விரலால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடியே, சத்தமில்லாமல் மோதிர விரலை அதன்மேல் நுழைத்து, ஆட்காட்டி விரலை உருவிக்கொள்வது. ஒலி அறுபடாது, கையும் அடுத்த சுரத்துக்குத் தயாராகிவிடும். கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. செய்கிறவருக்கு முதல் சில வாரங்கள் விரல்களெல்லாம் பின்னிக்கொள்ளும்.

லெமென்ஸிடம் பிரான்ஸின் கில்மானும் விடோரும் படித்தார்கள். இருவரிடமும் படித்த மார்செல் துப்ரே, 1920இல் பாக்கின் ஆர்கன் படைப்புகள் அனைத்தையும் பத்துக் கச்சேரிகளில் மனப்பாடமாக வாசித்தவர். 1927இல் அவரும் ஒரு பாடநூல் எழுதினார். அதைப் படித்தால் இசைப் புத்தகமா, சட்டப் புத்தகமா என்று சந்தேகம் வரும். ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால், முதலாவதின் நீளத்தில் பொதுவாகச் சரிபாதியை வெட்டி மௌனமாக்க வேண்டும். ‘கொஞ்சம் விட்டு எடு’ என்கிற பேச்செல்லாம் அவரிடம் செல்லாது. எனக்கு இந்தக் கறார்த்தனம் பிடிக்கிறது. தேய்ந்து மறையாத ஒலியை வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு மௌனத்தின் அளவு தெரிந்தே ஆகவேண்டும்.

இந்த முறைக்கு ஒரு குருபரம்பரையும் சொன்னார்கள். லெமென்ஸின் குரு பிரெஸ்லாவின் ஹெஸ்ஸே; அவர் வழியாக இது நேராக பாக்கிடமிருந்து இறங்கி வந்தது என்று விடோர் நம்பினார். உலகமும் நம்பியது.

ஆனால் பாக் கைப்பட எழுதிய சாட்சி ஒன்று இருந்தது. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720இல் தொடங்கிய நோட்டுப் புத்தகத்தில் ‘அப்ளிகாட்சியோ’ என்ற சிறு பயிற்சி. அதில் விரல் எண்கள் உண்டு. வலக்கை மேலேறும்போது மூன்றாம் விரலான நடுவிரல், நான்காம் விரலான மோதிர விரல், மறுபடி மூன்று, நான்கு. நான்காம் விரலைத் தாண்டி மூன்றாம் விரலைப் போடும்போது, சுரங்களை ஒட்டிவைப்பதைவிட இரண்டிரண்டாகப் பிரித்துப் பேசவிடுவதுதான் கைக்கு இயல்பாக வரும். இது டிரூட்டா காலத்துப் பழைய வழக்கத்தின் வாரிசு. லெமென்ஸ் பள்ளியின் முப்பாட்டன் அல்ல. பாக்கின் கால்பகுதிகளையும் பெரும்பாலும் நுனிக்காலாலேயே வாசித்துவிடலாம். குதிகாலை ஓயாமல் இறக்கி இழைத்து வாசிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஓங்கியது.

தேவாலயத்தின் எதிரொலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல் கட்டடத்தில் ஒவ்வொரு சுரமும் விரல் எடுத்த பிறகும் மேலே அலைந்துகொண்டிருக்கும். அங்கே எல்லாவற்றையும் ஒட்டி வாசித்தால், நான்கு குரல்களில் நெய்த ஃபியூக் கூழாகிவிடும். பாக்கை அப்படிக் கேட்டுச் சலித்துப் போனவர்கள் எத்தனை பேரோ!

அதற்காக லெமென்ஸ் பள்ளியைத் தூக்கி எறியவும் முடியாது. விடோர் தம் சிம்பொனிகளை எழுதியதே அந்த விரல்களை மனதில் வைத்துத்தான். பல கட்டை வரிசைகளைக் கோத்து வாசிக்கும்போது கட்டை இரும்பாகக் கனக்கும். கவாயே-கோல் அந்தச் சுமையைக் காற்றழுத்த நெம்புகோலால் குறைத்ததால்தான் இவ்வளவு இழைவாக வாசிக்கவே வழி பிறந்தது. எனவே 1992இல் ரிச்சியும் ஸ்டாஃபரும் எழுதிய பாடநூல், நவீன முறை, பழைய முறை இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்தது. மாணவருக்கு இரட்டை வேலை. கால் குறிகளையே பாருங்கள்: சுரத்தாளில் கால்சுரங்களுக்கு மேலே குறி போட்டால் வலது கால், கீழே போட்டால் இடது கால். கூரை போன்ற முக்கோண முனை நுனிக்கு, வளைவு குதிகாலுக்கு. விடோர் தாளில் வளைவுகள் நிறைந்து கிடக்கும். அதே மாணவர் பாக்கை எடுக்கும்போது கூரைகளை மட்டும் போட்டுக்கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

விரலும் காலும் சரி, எந்தக் குழாய்களைப் பேசவிடுவது? அதைத் தேர்வு செய்யும், எட்டடி, பதினாறடி என்று எழுதிய குமிழ்களை அடுத்த வாரம் இழுத்துப் பார்ப்போம்.