அந்த 97 நிமிடம் யாருடையது?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் ஒரு கேள்வி கேட்டது. அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் அதிகாலை 4 மணிவரை நீங்கள் என்னென்ன செய்தீர்கள்? பதிலை அரை மணி அரை மணியாகப் பிரித்து எழுதிக்கொண்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம் என்று வந்தது.

ஆண்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலா வேலை செய்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். 97 என்பது எல்லா ஆண்களின் சராசரி அல்ல. அன்றைக்கு வீட்டு வேலை ஏதாவது ஒன்றைச் செய்த ஆண்களின் சராசரி. அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். எல்லோரையும் சேர்த்து வகுத்தால் ஆணுக்கு 25 நிமிடம், பெண்ணுக்கு 243 நிமிடம். 6 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும், பள்ளிப் பையன்களும் ஓய்வுபெற்றவர்களும்கூட, இதில் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024-இல் மறுபடி எடுத்தபோது, வீட்டு வேலை செய்தவர்களின் சராசரி 289, 88 என இரண்டுமே குறைந்திருந்தன. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகியிருந்தது. ஐந்து வருடத்தில் ஒரு நிமிடம்.

இருவரும் வேலைக்குப் போகிற நகரத்து வீடுகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்று சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது எத்தனை வேலை என்பதைவிட எந்த வேலை என்பதைத்தான். சிலிண்டர் புக் பண்ணுவது, ஈ.பி. பில் கட்டுவது, வண்டியை சர்வீஸுக்கு விடுவது, தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது எல்லாம் பெரும்பாலும் கணவர் பக்கம். குக்கர் வைப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது, தலை பின்னுவது, குழந்தையை வேனில் ஏற்றுவது மனைவி பக்கம். எண்ணிப் பார்த்தால் நாலுக்கு நாலு. ஆனால் ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, சாம்பார் தினமும். வண்டி சர்வீஸை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளலாம். வேன்காரர் இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார். கடிகாரத்தோடு கட்டப்பட்ட வேலை யாரிடம் இருக்கிறதோ, அவர்தான் ஆறு மணி மீட்டிங்கிலிருந்து பாதியில் எழுந்து வருகிறார். பிரமோஷன் பேச்சு வரும்போது அது ஞாபகத்துக்கு வரும்.

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் இந்த இடத்தைத்தான் ஆராய்ந்தார். எந்நேரம் கூப்பிட்டாலும் வரவேண்டிய வேலைகளுக்கு விகிதத்தை மீறிய சம்பளம் கிடைக்கிறது. குழந்தை உள்ள வீட்டில் இரண்டு பேரும் அப்படிப்பட்ட வேலையில் இருக்க முடியாது. ஒருவர் அதை எடுத்துக்கொள்ள, மற்றவர் வீட்டுக்குப் பக்கத்தில், நேரத்துக்கு முடிகிற வேலைக்கு மாறுகிறார். கணவர் நல்லவராகவே இருந்தாலும் கணக்கு இப்படித்தான் முடியும் என்பதுதான் இதில் சங்கடம்.

கணக்கெடுப்பில் அகப்படாத வேலை ஒன்றும் உண்டு. ஒரு செயல் பத்து நிமிடமாவது நீடித்தால்தான் அந்த அரை மணிக் கட்டத்தில் பதிவாகும். தடுப்பூசித் தேதியை நினைவு வைத்திருப்பதற்கும், மாவு தீர்வதற்கு முன்னால் அரிசி ஊறப்போட நினைப்பதற்கும் அவ்வளவு நேரம் ஆவதில்லை. அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் பேசி ஆலிசன் டேமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, வரப்போவதை முன்கூட்டி யோசிப்பதும் நடந்ததா என்று பார்த்துக்கொள்வதும் மனைவியர் தலையில்தான் அதிகம் விழுகின்றன என்றது. எதை வாங்குவது, எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும்போது மட்டும் இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். “சொன்னா செய்ய மாட்டேனா?” என்று நம் வீடுகளில் கேட்கிறவருக்கு, அந்தச் சொல்வதும் ஒரு வேலை என்பது தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டில் 2011 முதல் அரசே மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது. ஆட்டுக்கல் ஓரமாய்ப் போனது பெரிய விடுதலைதான். சுவிட்சைப் போடுகிற கை மட்டும் மாறவில்லை. தம்பதிக்குள் பிரிக்க முடியாதது மூன்றாவது ஒரு பெண்ணிடம் போகிறது: பாத்திரம் தேய்க்க வரும் அக்கா, அல்லது பாட்டி. ஊரிலிருந்து சென்னை ஃபிளாட்டுக்கு மட்டுமல்ல, நியூஜெர்சிக்கும் பாட்டிகள் போகிறார்கள். ஆறு மாதம் அம்மாவைப் பெற்றவர், ஆறு மாதம் அப்பாவைப் பெற்றவர்.

அந்த அக்கா தன் வீட்டு அடுப்பை எப்போது பற்றவைத்துவிட்டு வந்தார் என்று நாம் கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தை ஊட்டச்சத்துத் திட்டமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் கடிகாரத்தோடு கட்டிய ஒரு வேலையை அந்த அக்காவைப் போன்ற அம்மாக்களின் காலையிலிருந்து அவிழ்த்தது அது. என்னைக் கேட்டால், வேலைக்குப் போகும் பெண்களுக்கான திட்டங்களில் முதல் வரிசையில் வைப்பேன்.

குழந்தை பிறந்த முதல் மாதங்களைச் சட்டம் எப்படிப் பிரிக்கிறது? மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருடம். தந்தைக்கு, மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் நிறுவனமென்றால் முதலாளியின் மனசு. அம்மா வேலைக்குத் திரும்பும்போது குழந்தை எந்த அழுகைக்கு என்ன கேட்கிறது என்பது வீட்டில் அவருக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. பிறகு அப்பாவிடம் கொடுத்தால் அது இன்னும் வீறிடும். “உன்கிட்டதான் அடங்குது” என்று அவர் திருப்பிக் கொடுப்பதில் பொய்யில்லை.

ஸ்வீடன் 1974-லேயே பெற்றோர் இருவருக்கும் பொதுவாக விடுப்பு தந்தது. அப்பாக்கள் அதை அதிகம் தொடவில்லை. 1995-இல் ஒரு மாதத்தை ஒவ்வொருவருக்கும் ஒதுக்கி, எடுக்காவிட்டால் வீணாகும் என்றார்கள். அதன் பிறகுதான் தள்ளுவண்டியோடு அப்பாக்கள் அதிகமாகத் தெருவுக்கு வந்தார்கள். இப்போது அந்த ஒதுக்கீடு ஆளுக்கு 90 நாள்.

இங்கே அதே 2017-இல் தந்தையர் விடுப்புக்காக மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. நிறைவேறிய திருத்தமோ 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. நாளுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அனுமதித்தது. அந்த அனுமதி பெண் ஊழியருக்கு.